தொட்டால் தெரியவில்லை

கலாட்ஸ், ருமேனியா
4 பிப்ரவரி 2024, ஞாயிறு

அன்பு அக்கா,

நீயும் அத்தானும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இது உனக்கு ஆறாவது கடிதம். ஐந்துக்கும் பதில் இல்லை. உன் போன் என் எண்ணை ஏற்பதில்லை. அப்பாவிடம் கேட்டால், "அவகிட்ட நீயே பேசித் தீத்துக்கிடு" என்று வைத்துவிடுகிறார். தபால்காரருக்கு என்மேல் கோபம் ஒன்றும் இல்லை என்பதால் அவரை நம்பி இருக்கிறேன்.

ஜாஸ்பின் விஷயத்தைத் திரும்ப எழுதவில்லை. ஐந்து கடிதத்திலும் எழுதியாகிவிட்டது.

இங்கே குளிர் மைனஸ் ஆறு. கப்பல் கட்டும் தளத்தின் ஓரமாகத்தான் டான்யூப் ஆறு போகிறது. பனிக்கட்டி பலகை பலகையாக மிதந்து வருகிறது. எனக்கு வேலை கப்பலின் அடித்தட்டில். என்னோடு ராதாபுரத்துக்காரன் பலவேசம் இருப்பதால் தமிழ் மறக்கவில்லை.

இனி ஒரு வேடிக்கை சொல்கிறேன். என் இடது கையில், முழங்கைக்குக் கீழே, ஒரு தேமல் உண்டு. ஊரிலிருந்து வரும்போதே லேசாக இருந்தது. இப்போது உள்ளங்கை அகலம் ஆகிவிட்டது. போன மாதம் தலைக்கு மேல் வெல்டிங் பிடித்துக்கொண்டிருந்தேன். கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில் பொறி விழுந்து புகைந்திருக்கிறது, நான் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். பலவேசம்தான் கத்தினான்: "ஏலே, கறி வேகுத வாட வருதுலே, ஒன் கையப் பாரு!" பார்த்தால் சட்டையில் ஓட்டை, தோல் கொப்பளித்து நிற்கிறது. வலியே இல்லை. "ஒனக்கு எருமத் தோலுலே" என்றான்.

அந்தக் கொப்புளம் ஆறியபிறகு தேமலைக் காட்டலாம் என்று, எங்கள் விடுதிக்குப் பின்தெருவில் இருக்கும் தோல் டாக்டரிடம் பலவேசத்தோடு போனேன். அடுக்குமாடியின் கீழ்வீடுதான் மருத்துவமனை. டாக்டரம்மா பெயர் வியோரிகா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆங்கிலம் ஒரு சொல் கிடையாது. எனக்கு ருமேனிய மொழியில் தெரிந்ததெல்லாம் இரும்பும் நெருப்பும்தான். அவர் தேமலை அமுக்கி, "தோவாரெ?" என்றார். வலிக்கிறதா என்று கேட்கிறார். அது எனக்குத் தெரியும், வேலைத்தளத்தில் அடிக்கடி கேட்கும் சொல். "நு" என்றேன், இல்லை. "பினே, பினே" என்று சந்தோஷப்பட்டார். நல்லது, நல்லது என்று அர்த்தம்.

பிறகு என் போனில் மொழிபெயர்ப்பை வைத்து, அவர் பேச, அது தமிழில் எழுதியது: "உங்கள் கையில் காளான் இருக்கிறது." நானும் பலவேசமும் சிரித்த சிரிப்பில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பூஞ்சைக்கும் காளானுக்கும் இவர்கள் மொழியில் ஒரே சொல்லாம். களிம்பு கொடுத்திருக்கிறார். பூசி வருகிறேன்.

பதில் எழுதாவிட்டாலும் படித்துவிடு அக்கா.

உன் தம்பி
ஜெனோ

*

தச்சநல்லூர்
27 பிப்ரவரி 2024
(மின்னஞ்சல்)

ஜெனோ,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. அப்பாவிடம் மின்னஞ்சல் முகவரி வாங்கி எழுதுகிறேன். அக்காவாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. பதினான்கு வருஷமாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் செவிலியர் எழுதுகிறேன்.

பொறி விழுந்து தோல் வெந்தும் வலிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதை வேடிக்கை என்கிறாய். நான் அந்த வரியை நாலு தடவை படித்தேன்.

இன்றே கீழே சொன்னதைச் செய். கண்ணை மூடிக்கொள். பலவேசத்தை விட்டுக் கொஞ்சம் பஞ்சால் உன் கையில் அங்கங்கே தொடச் சொல். தொடுகிற இடத்தை மற்றக் கை விரலால் நீ காட்டவேண்டும். தேமலின் மேலும் தொடச் சொல். பிறகு ஒரு குப்பியில் வெந்நீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர். எது சூடு, எது குளிர் என்று சொல். கடைசியாக, இடது கையின் சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் ஒரு தாளை இறுக்கிப் பிடி. அவன் இழுக்கட்டும். வலது கையிலும் அதே மாதிரி செய்து பார்.

நடந்ததை நடந்தபடி எழுது. சிரிப்பு வேண்டாம். களிம்பை நிறுத்து.

எஸ்கலின்

*

கலாட்ஸ்
29 பிப்ரவரி 2024

அக்கா,

நீ பதில் எழுதியதற்காக அந்தத் தேமலுக்கு நன்றி சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். சோதனை செய்தபிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

பஞ்சு: தேமலுக்கு வெளியே எல்லா இடத்திலும் சரியாகக் காட்டினேன். தேமலில் ஒரு தடவைகூட இல்லை. பலவேசம் பத்துத் தடவை தொட்டதாகச் சத்தியம் செய்கிறான். வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் தேமலில் ஒன்றுதான். தாள், வலது கையில் கிழிந்தது. இடது கையில் வழுக்கி வந்துவிட்டது. மூன்று முறையும்.

பலவேசம் அதற்கப்புறம் ஒரு கேலியும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒன்று கண்டுபிடித்தேன். அன்றைக்கு டாக்டரம்மாவிடம் நான் போனில் "தொட்டால் தெரியவில்லை" என்று எழுதிக் காட்டியிருந்தேன். அவர் தலையாட்டினார். இன்றைக்கு அந்த ருமேனிய வாக்கியத்தைத் திருப்பித் தமிழுக்கு மாற்றிப் பார்த்தேன். "தொட்டபோது பார்க்க முடியவில்லை" என்று வருகிறது. ஏதோ உளறுகிறான் என்று விட்டிருப்பார். பாவம், அவர் மேல் தப்பில்லை.

இது என்ன நோய் அக்கா? இணையத்தில் தேடாமல் உன்னிடம் கேட்கிறேன். போனில் ஒரு நிமிஷம் பேசேன்.

ஜெனோ

*

தச்சநல்லூர்
1 மார்ச் 2024

ஜெனோ,

போனில் பேசினால் நான் அழுவேன், இல்லை ஏசுவேன். இரண்டும் இப்போது உனக்கு உபயோகப்படாது. எழுத்தில் இருந்தால் நீ திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

எங்கள் நிலையத்தின் தொழுநோய்ப் பிரிவு மேற்பார்வையாளர் ஆவுடைநாயகம் சாரிடம், ஊரும் பேரும் சொல்லாமல், நீ எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். அவர் நிமிராமலே சொன்னார்: "இதுல சந்தேகப்பட என்னம்மா இருக்கு? ஆள வரச் சொல்லு, மாத்திர குடுப்போம்."

ஆமாம், தொழுநோய். உட்கார்ந்து படி. நான் இந்த வேலையில் பார்த்த முப்பத்தேழு பேரும் குணமாகி அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். உனக்கு இருப்பது ஒரே தேமல். ஆறு மாதம் மாத்திரை. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே அடுத்தவருக்குப் பரவுவது நின்றுவிடும். இது சாபம் இல்லை, பரம்பரை இல்லை, நீ செய்த எதற்கும் தண்டனை இல்லை. ஒரு கிருமி, அவ்வளவுதான். உடம்புக்குள் வந்து ஐந்து வருஷம்கூட ஆகியிருக்கும். ஆனால் உன் கை நரம்பில் அது உட்கார்ந்திருக்கிறது. தாள் வழுக்கியதற்கு அர்த்தம் அது. இன்னும் ஆறு மாதம் காளானுக்குக் களிம்பு பூசிக்கொண்டிருந்தால் உன் விரல்கள் மடங்கிப்போகும். அதன்பின் நீ வெல்டிங் கம்பியைப் பிடிக்க முடியாது.

அதனால் திங்கட்கிழமை அந்த டாக்டரம்மாவிடமே போ. பேசாதே. உன் போனை வெளியே எடுக்காதே. நீ பலவேசத்தோடு செய்ததை அவர் முன்னால் செய்து காட்டு. ஒரு கையின் படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். உணர்வு உள்ள இடம், இல்லாத இடம் இரண்டையும் கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன். முழங்கை நரம்பையும் வரைந்திருக்கிறேன். நோயின் பெயரைக் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். அச்செடுத்து, அந்தப் பெயரை முதலில் மடித்து வை. அவரே கண்டுபிடிக்கட்டும். ஒரு டாக்டர் தானாகக் கண்டுபிடித்தால்தான் அதற்காகச் சண்டை போடுவார்.

இதையும் எழுதிவிடுகிறேன். உள்ளே வைத்தால் எனக்குத் தூக்கம் வராது. கோவிலில் போதகர் உன் பெயரையும் என் நாத்தனார் ஜாஸ்பின் பெயரையும் சேர்த்துக் கல்யாண ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, நீ எனக்கு முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாய். திங்கட்கிழமை விடியும்போது உன் பெட்டி இல்லை. ஒரு மாதமாக விசா கையில் வைத்திருந்தாய் என்பது பிறகு தெரிந்தது. என் புகுந்த வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட ஒருவருக்கும் முகம் வரவில்லை. அந்த டாக்டருக்கும் உனக்கும் பாஷை இல்லை, சரி. உனக்கும் எனக்கும் இருந்ததே. "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்று ஒரு வார்த்தை.

திங்கட்கிழமை போ.

எஸ்கலின்

*

கலாட்ஸ்
23 மார்ச் 2024

அக்கா,

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னாய். இடையில் இரண்டு வரி மட்டும் அனுப்பினேன். இன்று உட்கார்ந்து முழுதாக எழுதுகிறேன்.

திங்கட்கிழமை போனேன். டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் களிம்பு முடிந்துவிட்டது என்று நினைத்து மருந்துச் சீட்டை எடுத்தார். நான் தலையை ஆட்டிவிட்டுச் சட்டையைக் கழற்றினேன். பஞ்சு, இரண்டு குப்பி, உன் படம் எல்லாவற்றையும் மேஜையில் வைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் காட்டி, என் வலது கையைத் தொடச் சொல்லிச் சைகை செய்துவிட்டு, கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டேன். முதலில் சிரித்தார். பிறகு தொட்டார். தொட்ட இடத்தைக் காட்டினேன். தோளில் தொட்டார், காட்டினேன். இடது மேல்கை, காட்டினேன்.

அப்புறம் அவர் நிறுத்திவிட்டார். யோசிக்கிறார் போல என்று காத்திருந்தேன். சுவர்க் கடிகாரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் ஆகவே நானே கட்டை அவிழ்த்தேன். என் தேமல் முழுக்க நீல மைப்புள்ளிகள், பத்துப் பன்னிரண்டு. நான் காத்திருந்த நேரமெல்லாம் அவர் குத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

அவர் முகம் மாறிவிட்டது. என் முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து நரம்பை உருட்டிப் பார்த்தார். மின்சாரம் அடித்தமாதிரி சுண்டு விரல் வரை ஓடியது. உன் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அவரே ஒரு சொல் சொன்னார். உன் தாளின் மடிப்பை நான் பிரித்துக் காட்டினேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சொல்தான். 

அவருடைய மகன் அயர்லாந்தில் இருக்கிறாராம். அவரைப் போனில் கூப்பிட்டு, நடுவில் வைத்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அதற்குப் போதுமானதாக இருந்தது. அவர் சொன்னார்: "என் அம்மா உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார். வலிக்கிறதா என்றுதான் கேட்டாராம், தெரிகிறதா என்று கேட்கவில்லையாம். மாணவியாக இருந்தபோது, இந்த ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கில் இந்த நோயாளிகளை வைத்திருந்த இடத்துக்கு இவருடைய வகுப்பைக் கூட்டிப் போனார்களாம். அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்தில் இவரிடம் ஒருவர்கூட வந்ததில்லை. இந்தப் படத்தை வரைந்தது யார் என்று கேட்கிறார்."

என் அக்கா, செவிலியர் என்றேன். டாக்டரம்மா போனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "பினே" என்றார்.

மருத்துவமனையைப் பூட்டிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, என்னை அவரே டிராமில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வழி முழுக்க என் இடது கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கையுறை போடவில்லை. ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர்கள் மூன்று பேர் நம்பவில்லை. அவர் மேஜையைத் தட்டிப் பேசினார். ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் அது யார் ஏசுகிற மாதிரி இருந்தது என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. சதையில் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். பதினொரு நாளில் பதில் வந்தது. நீ சொன்னதுதான். மாத்திரை தலைநகரத்திலிருந்து நேற்று வந்து சேர்ந்தது. முதல் வேளையை டாக்டரம்மா முன்னால் விழுங்கினேன். நரம்புக்குத் தனியாக ஒரு மாத்திரையும் உண்டு.

இப்போது என் பயம் வேறு. அறையில் நாங்கள் ஆறு பேர். மற்றவர்களையும் சோதிக்கவேண்டுமாம், எப்போது கூட்டி வருகிறாய் என்று டாக்டரம்மா கேட்கிறார். நானோ தேமல் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். வேறு அறைக்கு மாறிவிடலாமா என்றும் யோசனை.

ஜாஸ்பின் விஷயத்தில் நீ எழுதியது அத்தனையும் சரி.

ஜெனோ

*

தச்சநல்லூர்
27 மார்ச் 2024

தம்பி,

உன் கடிதத்தைக் கணினியில் திறந்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். வந்து பார்த்தால் உன் அத்தான் படித்துக்கொண்டிருந்தார். முழுதாகப் படித்துவிட்டார்.

"தொழுநோயா ஒந் தம்பிக்கு? கர்த்தர் காப்பாத்துனாரு, எந் தங்கச்சி தப்பிச்சா" என்றார்.

இரண்டு வருஷமாக உன்னை நான் ஏசாத ஏச்சு இல்லை. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "என்ன தப்பிச்சா? கல்யாணம் ஆயிருந்தா நானே வீட்டுக்குள்ள வச்சுக் கண்டுபிடிச்சு, இதுக்குள்ள குணமாக்கியிருப்பேன். நீங்க படிச்ச படிப்புக்கு இப்படிப் பேசுதீங்களே, வெளிய யாரு காதுலயும் விழுந்துராம" என்றேன். சத்தம் கூடிவிட்டது போல. வங்கியிலிருந்து அப்போதுதான் வந்த ஜாஸ்பின் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் தன் அண்ணனிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணே, அவன் சொல்லாமப் போனதுக்கு ஏசு. நானும் ஏசுதேன், எனக்கு அதுக்கு உரிம இருக்கு. தோலுக்கு ஏசாத. அது அவன் செஞ்ச தப்பு இல்ல." உன் அத்தான் சாப்பிடும்போது, "மாத்திர ஒழுங்கா வந்துட்டாமா அவனுக்கு?" என்று மட்டும் கேட்டார். உன்னைப் பற்றி அவர் வாய் திறந்து கேட்டது இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

ஜாஸ்பின் என்னிடம் தனியாக இன்னொன்றும் சொன்னாள். "ஆறு கடுதாசி எழுதியிருக்கான், ஆறும் ஒங்களுக்கு. எங்கிட்ட மன்னிப்புக் கேக்க அவனுக்கு விலாசம் தெரியாதா மைனி?"  அவள் சொல்வது நியாயம். எனக்கும் அது இவ்வளவு நாள் உறைக்கவில்லை.

இப்போது உன் அறை விஷயம். மாறாதே. மறைக்காதே. நீயாகச் சொன்னால் அது செய்தி. அவர்களாகக் கண்டுபிடித்தால் அது வதந்தி. வதந்திக்கு என்னிடம் மாத்திரை இல்லை. உன்னோடு ஒரே அறையில் தூங்கியவர்களைச் சோதிக்கவேண்டியது அவசியம். அவர்கள் உடம்பு அவர்களுடையது. அதை அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு. நீ ஒருமுறை சொல்லாமல் பெட்டியைத் தூக்கியது போதும்.

இங்கே அப்பாவையும் என்னையும் சோதிக்கவேண்டும். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அக்கா

*

கலாட்ஸ்
14 ஏப்ரல் 2024

அன்பு அக்கா,

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார்கள். எங்கள் அறையில் நேபாளத்துக்காரர்கள் மூன்று பேர், வியட்நாம் பையன் ஒருவன், பலவேசம், நான். பக்கத்து மேஜைகளில் இன்னும் இருபது பேர். நாலு வாக்கியத்தை டாக்டரம்மாவின் மகனைக் கேட்டு ருமேனிய மொழியில் எழுதி வைத்திருந்தேன். எழுந்து நின்றதும் முதலில் தமிழில் சொல்லிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. பலவேசம் ஒருவனுக்குத்தான் புரிந்தது. அவன் வாயில் வைத்த ரொட்டியோடு அப்படியே இருந்தான். பிறகு ருமேனிய மொழியில் வாசித்தேன். எனக்குத் தொழுநோய் இருக்கிறது. மருந்து சாப்பிடுகிறேன். இனி பரவாது. நீங்களும் தோலைக் காட்டவேண்டும், டாக்டர் காத்திருக்கிறார்.

நேபாளத்துக்காரரில் மூத்தவர் எழுந்து போனார். மேலே போய்த் தன் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டார். நான் தடுக்கவில்லை. வியட்நாம் பையன் தன் சட்டையை அங்கேயே தூக்கி, முதுகைத் திருப்பி, "பார்" என்றான். எனக்கு எங்கே தெரியும்? எல்லோரும் சிரித்துவிட்டார்கள். 

பலவேசம் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "கறி வாட வருதுன்னு நாந்தானலே மொதல்ல சொன்னேன். எனக்கு மொதல்ல சொல்லாம, எல்லாருக்கும் சேத்து அங்கன வச்சுச் சொல்லுதியோ?" என்றான். மன்னிப்புக் கேட்டேன். எனக்கு இது பழக்கமாகி வருகிறது.

அடுத்த சனிக்கிழமை வியோரிகா அம்மாவின் வாசலில் எங்கள் அறைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். மெத்தையைச் சுருட்டிப் போன பெரியவரும் கடைசியில் வந்து நின்றார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. டாக்டரம்மா ஒவ்வொருவர் கண்ணையும் கட்டிப் பேனாவால் குத்தினார். உன் படத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

மேலதிகாரி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. கை தேறும்வரை நெருப்புப் பக்கம் வேண்டாம், அளவெடுக்கும் பிரிவில் இரு என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததை ஏற்றுக்கொண்டார். சம்பளம் கொஞ்சம் குறையும். பரவாயில்லை.

இத்துடன் தனியாக ஒரு கடிதத்தை இணைத்திருக்கிறேன். அது ஜாஸ்பினுக்கு. நீ படிக்காதே. அதில் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. பயந்தேன், வாயில்லாமல் ஓடினேன், அதன் விலையை உன்னைக் கொடுக்கவைத்தேன் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பதிலும் கேட்கவில்லை.

உன் தம்பி
ஜெனோ

*

தச்சநல்லூர்
5 மே 2024, ஞாயிறு

என் அன்புத் தம்பிக்கு,

வெயில் மண்டையைப் பிளக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. வீடு இரண்டாகிக் கிடக்கிறது. எல்லோரும் சுகம்.

ஜாஸ்பினுக்கு உள்ளதைப் படிக்காமல் அச்செடுத்து உறையில் போட்டுக் கொடுத்தேன். மொட்டைமாடிக்குப் போய்ப் படித்தாள். இறங்கி வந்து முகம் கழுவிவிட்டு, "எழுத்துப் பிழ நெறைய இருக்கு" என்றாள்.   அதற்கு மேல் உனக்கு நான் நம்பிக்கை கொடுக்கமாட்டேன். ஆனால் அடுத்த நாள் காலையில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இனி அப்பா கதை. இதைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்தேன்.

போன சனிக்கிழமை ஆவுடைநாயகம் சாரோடு சாத்தான்குளத்தில் அப்பா வீட்டுக்குப் போனேன். அப்பாவை உள்ளறையில் வைத்து, கதவைச் சாத்தி, பைய முடித்துவிட்டு வந்துவிடலாம் என்பது என் திட்டம். பக்கத்து வீட்டார் கேட்டால் சர்க்கரைச் சோதனை என்று சொல்ல யோசித்து வைத்திருந்தேன். பார், உனக்கு மறைக்காதே என்று எழுதிய நானேதான்.

அப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். வேப்ப மர நிழலில், தெருவைப் பார்த்து, சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "அப்பா, உள்ள வாங்க, எல்லாரும் பாக்காங்க" என்றேன்.

"பாக்கட்டும். உள்ள இருட்டா இருக்கு, சாருக்குக் கண்ணு தெரியவேண்டாமா?" என்றார்.

சார் முதுகைப் பார்க்கிறார், கையைப் பார்க்கிறார், காதை மடக்கிப் பார்க்கிறார். அதற்குள் தெருவில் ஏழெட்டுப் பேர். எதிர்வீட்டு ஞானசம்பந்தன் அண்ணாச்சி கேட்டே விட்டார்: "என்ன மாமா, ஒடம்புக்கு என்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "எம் மவனுக்குத் தொழுநோயி வந்துருக்கு. ருமேனியாவுல மாத்திர தின்னுக்கிட்டிருக்கான், கொணமாயிரும். எனக்கும் இருக்கான்னு பாக்காவ. நீயும் வந்து காட்டுதியாவே? சார் வந்த வேலையோட வேலையாப் போயிரும்" என்றார்.

 அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார். சரி, இனி அப்பாவை இந்தத் தெரு எப்படிப் பார்க்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி வந்தார். கூடவே அவர் மனைவி, நம் டீச்சர் மைனி. உனக்கு மூன்றாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள். நல்ல வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தார்கள். மூன்று வருஷமாக அப்படித்தான் போடுகிறார்கள் என்று அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

அவர்களை மட்டும் நான் உள்ளறைக்குக் கூட்டிப் போனேன். கையை ஏற்றிக் காட்டினார்கள். இரண்டு தேமல். பஞ்சை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் தொடலியாம்மா?" என்று கேட்டார்கள். நான் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன் தம்பி.

விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நேரத்தில் வந்துவிட்டார்கள். அப்பாவுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை, முன்தடுப்பாக ஒரு வேளை மாத்திரை சாப்பிட்டுவிட்டோம். செவ்வாய்க்கிழமை டீச்சர் மைனி எங்கள் நிலையத்துக்கு வந்தார்கள். முதல் வேளையை நான்தான் கையில் வைத்தேன். விழுங்கிவிட்டுத் தண்ணீர் குவளையைப் பிடித்தபடியே கேட்டார்கள்: "ஜெனோவுக்கு அங்கன இத யாருட்டி குடுத்தது? அவனுக்கு அந்த ஊரு பாச தெரியாதே?"

"ஒரு வயசான டாக்டரம்மா மைனி. அவங்களுக்கும் இவன் பாச தெரியாது" என்றேன்.

அவர்கள் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தம்மாவுக்கு நான் தோத்திரம் சொன்னேன்னு எழுது" என்றார்கள். எழுதிவிட்டேன். நீ போய்ச் சொல். எப்படிச் சொல்வாய் என்பது உன் பாடு.

மாத்திரையை ஒருநாள்கூட விட்டுவிடாதே. கைக்குத் தினமும் எண்ணெய் தடவு. மருந்து முடிந்ததும் அக்டோபரில் விடுப்பு எடுத்து வா. உன் அத்தான் திருநெல்வேலி ரயில் நிலையத்துக்கு வந்து நிற்கிறேன் என்கிறார்.

உன் அக்கா
எஸ்கலின்